தானாக ஆறும் சுவர்

காலையில் அந்த விரிசலுக்குள் முழங்கை வரை கையை விட முடிந்தது. வெயில் ஏறித் தமயந்தி வந்து சேர்ந்தபோது மூன்று விரல்தான் போனது.

பரவைத்துறையின் கடற்சுவர் தெற்குக் குப்பத்தின் வீடுகளைவிட உயரமாக எழுந்து நின்றது. அதன் உடம்புக்குள், ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பாதை ஓடியது. வடிகால் குழாய்களைப் பார்வையிடுவதற்கான பாதை. விடிந்ததும் சுவரின் பராமரிப்பு ஆள் அருளப்பன் அதற்குள் இறங்கியிருந்தான். அவன் இறங்கிய சற்று நேரத்தில், நங்கூரம் அறுந்த மணல் வாரும் படகு ஒன்று அலையோடு வந்து சுவரின் வெளிப்புறத்தில் மோதியது. சுவர் நின்றது. பாதையின் வாசல் மட்டும் இடிந்து அடைத்துக்கொண்டது.

அதுவரை நடந்தது விபத்து. பிறகு நடந்ததுதான் யாருக்கும் விளங்கவில்லை. இடிபாடுகளை அள்ளலாம் என்று ஆட்கள் கடப்பாரையோடு போனபோது அவை தனித்தனிக் கற்களாக இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாறையாகியிருந்தன. அருளப்பன் மாட்டிக்கொண்ட இடத்துக்கு நேராக, சுவரின் ஊர்ப்பக்கத்தில் விழுந்திருந்த விரிசல் வழியாகத்தான் அவனுக்குக் காற்று போனது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

தமயந்திக்கு மட்டும் விளங்கியது. அந்தக் கலவையை உருவாக்கியவள் அவள்.

மண்டி போட்டு, விரிசலில் வாயை வைத்தாள். "அருளப்பன், நான் தமயந்தி. ஆய்வுக்கூடத்துல இருந்து வந்திருக்கேன்."

"தெரியுது மேடம்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "திறப்பு விழா அன்னிக்குச் சுத்தியால அடிச்சுக் காட்டினீங்களே. நானும் கை தட்டினேன்."

அன்று அவள் ஊர் பார்க்கச் சுவரில் ஓங்கி அடித்து ஒரு விரிசலை உண்டாக்கினாள். அதில் ஒரு வாளி கடல் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுநாள் வந்து பாருங்கள் என்றாள். மறுநாள் விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. மாடி வீடுகள் நிறைந்த வடக்கு நகரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அடி பட்டிருக்கா?"

"கால் பிசகியிருக்கு. அது ஒண்ணுமில்ல. தலைதான் கனக்குது. கண்ணை இழுத்துக்கிட்டுப் போகுது."

காற்று கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. "தூங்காதீங்க. எதையாவது பேசிக்கிட்டே இருங்க."

சற்றுத் தள்ளித் துளைபோடும் இயந்திரத்தோடு பஷீர் மல்லாடிக்கொண்டிருந்தான். சுவரில் இரண்டு துளைக்கம்பிகள் பாதி ஏறிய நிலையில் செருகி நின்றன. மூன்றாவதைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு விட்டான்.

"கொஞ்ச தூரம் போகுது மேடம். அப்புறம் நாம போட்ட தூளே திரும்பக் கல்லாகிக் கம்பியக் கவ்விக்குது. இருபது வருஷமா பாறை குடையறேன். இது மாதிரி திருப்பிக் கடிக்கிற கல்ல நான் பார்த்ததில்ல."

தலைமைப் பொறியாளர் வேதாசலம் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டே வந்தார். பதற்றத்திலும் குரலை உயர்த்தாத மனிதர். "சென்னையிலேருந்து வைர ரம்பம் கிளம்பியாச்சு. பொழுது சாய வந்துடும்."

"பொழுது சாயறதுக்குள்ள விரிசல் மூடிடும் சார்."

விரிசலுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்த பெண் தலையைத் திருப்பினாள். அருளப்பனின் மனைவி லூர்து. காலையில் மீன் விற்கக் கிளம்பியவள், கூடையை அங்கேயே இறக்கி வைத்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம். இது எதுக்கு மூடுது? யாரு மூடச் சொன்னது?"

"நாங்கதான்," என்றாள் தமயந்தி. சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரோமாபுரி கேள்விப்பட்டிருப்பீங்க."

"போப்பாண்டவர் ஊரு."

"அதே ஊருதான். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அங்க இருந்தவங்க கடலுக்குள்ளயே துறைமுகம் கட்டினாங்க. எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து, மரப்பெட்டிக்குள்ள கொட்டி, தண்ணிக்குள்ள இறக்கினாங்க. இரும்பு ஒரு துண்டு கிடையாது. நம்ம கான்கிரீட்டைக் கடல் தின்னுடும். அவங்க கட்டினது உப்புத்தண்ணி பட பட இறுகுச்சு. உள்ள சுண்ணாம்பு அங்கங்க சின்னக் கட்டியா நிக்கும். விரிசல் விட்டாத் தண்ணி நுழையும். சுண்ணாம்பு கரைஞ்சு விரிசலுக்குள்ள போய்த் திரும்பக் கல்லாயிடும். நான் அந்தக் கடல்ல முங்கி அந்தக் கல்லைக் குடைஞ்சு எடுத்துட்டு வந்து பார்த்தேன்."

"அங்கயும் இப்படி ஆளை வச்சு மூடுச்சா?"

"இல்ல. அங்க ஒரு விரிசல் ஆற வருஷக்கணக்காகும். அவங்களுக்கு அவசரமில்ல. நமக்கு வருஷா வருஷம் புயல். அதனால நான் அதை வேகப்படுத்தினேன். தலைமுடி அகல விரிசல் ஒரு நாள்ல மூடினாப் போதும்னுதான் நெனச்சேன். இவ்வளவு பெரிய வாயையும் இது விடாதுன்னு எனக்கே தெரியாது."

லூர்து திட்டுவாள் என்று தமயந்தி எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை. "உங்களுக்கே தெரியாத ஒண்ணுக்குள்ள அவரை இறக்கிவிட்டுட்டாங்க," என்று மட்டும் சொன்னாள்.

உள்ளேயிருந்து அருளப்பன் கூப்பிட்டான். "மேடம், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். வடிகால் எல்லாம் அடைச்சுக்கிச்சு."

"எது?"

"குழாய் வாய் எல்லாம். வெள்ளையாக் கல்லு வளர்ந்திருக்கு. முந்தி வந்தப்ப கை போச்சு. இப்ப சுண்டுவிரல் போகல. நான் பார்த்த வரைக்கும் ஒண்ணும் பாக்கியில்ல."

தமயந்திக்கு அப்போதுதான் புரிந்தது. சுவருக்கு விரிசல் எது, வாய் எது என்று தெரியாது. தண்ணீர் போகும் வழி எல்லாமே அதற்குக் காயம்தான்.

ரோமர்களின் நீர்க்கால்வாய் ஒன்றுக்குள் அவள் நடந்திருக்கிறாள். மலையிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கற்கால்வாய். அதன் உட்சுவர்களில் சுண்ணாம்பு படிந்து படிந்து பாதையைப் பாதியாகக் குறுக்கியிருந்தது. சில இடங்களில் உளி கொத்திய தடங்கள் வரிசையாக இருந்தன. அந்தப் படிவைச் சுரண்டி எடுப்பதற்கென்றே ஆட்களை வைத்திருந்தார்கள், தலைமுறை தலைமுறையாக. அவள் ஊருக்குத் திரும்பியபோது கல்லின் சூத்திரத்தைக் கொண்டுவந்தாள். அவள் எழுதிய அறிக்கையில் சுரண்டியவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் சுவர் என்று சொன்ன பிறகு, பராமரிப்புக்கு ஆள் எதற்கு என்று சுவரைக் கட்டிய அரசுத் துறை கேட்டது. மொத்தச் சுவருக்கும் அருளப்பன் ஒருவன்தான் மிஞ்சினான்.

எழுந்து வேதாசலத்திடம் போய்ச் சொன்னாள்.

அவர் வானத்தைப் பார்த்தார். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது என்று காலையில் அறிவித்திருந்தார்கள். நாளை மறுநாள் இந்தப் பக்கம்தான் கரையைக் கடக்கும். "முதல்ல இந்த ஆளைப் பார்ப்போம். அப்புறம் அதைப் பார்ப்போம்."

"இந்த ஆளை எடுக்க ஒரு வழி இருக்கு சார்." தமயந்தி சுவர்ப் பக்கம் திரும்பினாள். "சர்க்கரை."

பஷீர் திரும்பிப் பார்த்தான். சர்க்கரை விழுந்தால் கலவை இறுகாது என்பது கட்டடவேலை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்பைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்ளும், கல்லாக விடாது.

"கெட்டியாப் பாகு மாதிரி கரைச்சு, சூடா விரிசல்லயும் துளையிலயும் ஊத்தணும். ஊத்தின இடத்துல வளர்ச்சி நின்னுடும். பஷீர் குடையலாம்."

"ஊத்தின இடத்துல மட்டுமா?" என்று கேட்டார் வேதாசலம்.

அவர் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். "இல்ல. ஈரம் எங்கெல்லாம் ஊறுதோ அங்கெல்லாம் போகும். ரப்பர் இணைப்பு வரைக்கும் சுவரோட இந்தத் துண்டு, இந்தக் கண்டம் முழுக்க. அதுக்கப்புறம் இது எப்பவும் ஆறாது. வெறும் கல்லு. படகு இடிச்ச விரிசலும் நாம போடற ஓட்டையும் அப்படியே நிக்கும்."

"புயல் வர்றப்போ."

"ஆமா."

வேதாசலம் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலேயே மறுபடி மாட்டிக்கொண்டார். "இந்தக் கண்டத்துக்குப் பின்னால ஒரு குப்பமே இருக்கு, தமயந்தி. ஒருத்தரைக் காப்பாத்த அவங்க எல்லார் முன்னாலயும் சுவரைக் கொல்லச் சொல்றீங்க. அவர் என் ஆளு. நான்தான் இறங்கச் சொன்னேன். ஆனாலும் நான் சரின்னு சொல்ல முடியாது."

அவர் தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஆனால் பின்னால் குப்பம் முழுவதும் நின்றிருந்தது. லூர்து எழுந்து வந்தாள்.

"நீங்க சொல்ல வேண்டாம் சார். சுவருக்குப் பின்னால இருக்கிறது நாங்க. எங்களைக் கேளுங்க."

விரிசலுக்குள்ளிருந்து அருளப்பன் ஏதோ முனகுவது கேட்டது. அவன் காதிலும் எல்லாம் விழுந்திருக்க வேண்டும். "வேணாம் லூர்து. எல்லாருக்கும் புள்ளைகுட்டி இருக்கு," என்றான். அதற்குமேல் வார்த்தை குழறியது.

பிரகாசி என்ற பெண் முதலில் பேசினாள். லூர்துவின் பக்கத்து வீட்டுக்காரி. "எனக்கு மூணு பிள்ளைங்க. அலை வீட்டுக்குள்ள வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. சர்க்கரை நான் தர மாட்டேன். மூஞ்சிக்கு நேராவே சொல்லிடறேன்." சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னும் சிலரும் தலையைக் குனிந்தபடி நகர்ந்தார்கள்.

லூர்து அவர்களைத் தடுக்கவில்லை. தன் வீட்டுக்குள் போய், அடுக்களையிலிருந்து ரேஷன் சர்க்கரையை டப்பாவோடு எடுத்து வந்து மணலில் வைத்தாள். வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். கொஞ்ச நேரம் அந்த ஒரு டப்பாதான் இருந்தது. பிறகு ஒரு வயதான வலைக்காரர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தார். டீக்கடைக்காரர் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கி வந்தார். அதற்குப் பிறகு தூக்குவாளிகளும் எவர்சில்வர் டப்பாக்களும் குவிந்தன. கோவில் அசன விருந்துக்கு வைத்திருந்த இரண்டு மூட்டைகளும் வந்து சேர்ந்தன.

வேதாசலம் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, டீக்கடை அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். மறு காதைத் தமயந்தி பிடித்தாள்.

விரிசலுக்குள் இப்போது ஒரு விரல்கூடப் போகவில்லை. ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் செருகிப் பாகை ஊற்றினார்கள். சுவர் அதைக் குடித்தது. எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே இழுத்துக்கொண்டது. எதுவும் நடக்கவில்லை. லூர்து விரிசலில் காதை வைத்திருந்தாள்.

"பேச்சு நின்னுடுச்சு," என்றாள்.

"ஊத்துங்க," என்றாள் தமயந்தி.

"மேடம், அவரு பேச்சு நின்னுடுச்சு."

"ஊத்துங்க பஷீர். அந்தத் துளையிலயும் ஊத்துங்க."

மாட்டியிருந்த துளைக்கம்பியைப் பஷீர் இரண்டு கையாலும் பிடித்து அசைத்துக்கொண்டே இருந்தான். அசையவில்லை. அசையவில்லை. பிறகு ஒரு நூல் அளவு திரும்பியது. அவன் மூச்சைப் பிடித்து இழுத்தான். கம்பி சேறு வடிய வெளியே வந்தது. நுனியில் பிசுபிசுவென்று சாம்பல் நிறக் கூழ் ஒட்டியிருந்தது. அது இறுகவில்லை.

அதற்கப்புறம் பஷீர் யார் சொல்லையும் எதிர்பார்க்கவில்லை. துளைக்கு மேல் துளையாகப் போட்டான். ஒவ்வொன்றிலும் பாகு ஊற்றப்பட்டது. இயந்திரத்தின் இரைச்சலுக்கிடையே தமயந்தி விரிசலின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அது வளரவில்லை. அவள் பத்து வருடம் உயிர்கொடுத்து வளர்த்த ஒன்று அவள் விரலுக்கடியில் செத்துக்கொண்டிருந்தது. அதை உணர அவளுக்கு நேரமில்லை.

வெயில் சாயும் நேரத்தில் கம்பி வெற்றிடத்தில் விழுந்தது. உள்ளேயிருந்த கெட்ட காற்று துளை வழியாக முகத்தில் அடித்தது. ஆக்சிஜன் குழாயைச் செருகினார்கள். லூர்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ கூப்பிட்டபோது உள்ளேயிருந்து இருமல் சத்தம் வந்தது.

சென்னை ரம்பம் வந்து சேர்ந்ததும் ஓட்டையை அகலப்படுத்தினார்கள். அருளப்பனைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்தபோது அவன் உடம்பெல்லாம் பாகு ஒட்டியிருந்தது. மொய்த்த ஈயை ஓட்டக்கூட அவனுக்குக் கை எழவில்லை. லூர்து தன் முந்தானையால் அவன் முகத்தை மூடித் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள். பிரகாசியின் கதவு அப்போதும் சாத்தியே இருந்தது.

மறுநாள் காலை வேதாசலத்தின் அலுவலகத்தில் தமயந்தி உட்காரவே இல்லை.

"தெற்குக் குப்பத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்," என்றார் அவர். "மேட்டுப்பள்ளிக்கூடத்துல தங்க வைக்கிறோம். பேருந்து போயிடுச்சு."

"வடக்கு நகர்?"

"அங்க எதுக்கு? அங்க சுவர் உயிரோட இருக்கே."

"அதுதான் சார் பயமா இருக்கு. அலை உள்ள வராது. சரி. மழைத் தண்ணி எப்படி வெளியே போகும்? பின்னால உப்பாறு இருக்கு. ஊருக்குள்ள வர்ற தண்ணி எல்லாம் இந்த வடிகால் வழியாத்தான் கடலுக்குப் போகணும். எல்லாம் அடைச்சிருக்கு. நாம ஊரைச் சுத்திக் கட்டினது ஒரு தொட்டி."

"இன்னைக்கு ஒரு நாள்ல எல்லாக் குழாயையும் குடைய முடியுமா?"

"முடியாது."

"எல்லாத்துலயும் சர்க்கரை ஊத்தினா?"

"வளர்றது நிக்கும். ஏற்கனவே வளர்ந்தது கரையாது. ஆளுங்களைத்தான் வெளியே எடுக்கணும்."

"இருக்கிற பேருந்தெல்லாம் குப்பத்துக்கு அனுப்பியாச்சு. மேலிடத்துல கேட்டுப் பார்க்கிறேன்." அவர் கேட்டுப் பார்த்தார். தமயந்தி முன்னாலேயே மூன்று பேரிடம் பேசினார். மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: சுவர் பலமாக இருக்கிறதா, இல்லையா?

தமயந்தி வடக்கு நகருக்குப் போனாள். நான்கு மாடிக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக இருந்தன. கடல் தெரிகிற வீடு என்று சொல்லித் துறையே விற்ற வீடுகள். கதவு கதவாகத் தட்டினாள். முகம் தெரிந்து சிரித்து வரவேற்றார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அவள் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு மாறாமலேயே தலையாட்டினார்கள்.

"நீங்கதானே மேடம் சுத்தியால அடிச்சுக் காட்டினீங்க?" என்றார் ஒருவர்.

தரைத்தள வீடு ஒன்றில் வனஜா என்ற பெண் கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலில் அவளுடைய அப்பா படுத்திருந்தார். பக்கவாதம்.

"இவரை எங்க தூக்கிட்டுப் போறது மேடம்? போன புயலுக்குத் தூக்கிட்டுப் போய்த்தான் இடுப்பு விட்டுப்போச்சு. இந்தச் சுவரு வந்தப்புறம்தான் நிம்மதியா இருக்கோம்."

"மாடிக்காவது கொண்டு போயிடுங்க. மாடியில யாராவது இடம் கொடுப்பாங்க."

"பார்க்கிறேன் மேடம்," என்றாள் வனஜா. பார்க்கமாட்டாள் என்று தமயந்திக்குத் தெரிந்தது. வேறு என்ன சொன்னால் நம்புவாள் என்றுதான் தெரியவில்லை.

புயல் மறுநாள் காலையில் கரையேறியது. அவசரக் கட்டுப்பாட்டு அறை மேட்டுப்பள்ளிக்கூடத்து மாடியில் இருந்தது. அங்கிருந்து தமயந்தி எல்லாவற்றையும் பார்த்தாள். கடல் எழுந்து வந்து சுவரில் மோதியது. மோதிய இடங்களில் விரிசல் விட்டது. சிறிது நேரத்திலேயே அந்த விரிசல்கள் வெள்ளை கட்டி நின்றன. செத்த கண்டம் கூடத் தாங்கியது. ஓட்டை வழியாகப் பீய்ச்சியடித்த தண்ணீர் குப்பத்தின் முதல் வரிசை வீடுகளுக்குள் முழங்கால் அளவு ஏறியதோடு நின்றது. அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். யாரோ அவள் தோளில் தட்டினார்கள்.

நண்பகலில் காற்று ஓய்ந்தது. கடல் பின்வாங்கியது. மழை மட்டும் விடவில்லை.

பிறகு மழையில் பெருகிய உப்பாறு ஊருக்குள் திரும்பியது. அது இரைச்சலே இல்லாமல் வந்தது. ரோட்டில் நின்ற தண்ணீர் படியேறியது, படியிலிருந்து வாசலேறியது. வடக்கு நகரிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. தரைத்தளத்துக்காரர்கள் முதல் மாடிக்கு ஓடினார்கள். ஒரு மணி நேரத்தில் முதல் மாடியிலும் தண்ணீர் எட்டிப் பார்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் தாழ்ந்து கிடந்தது. இந்தப் பக்கம் தண்ணீர் சுவரின் பாதிக்கு மேல் நின்றது. நடுவில் சுவர், குப்பத்து ஓட்டையைத் தவிர எங்கேயும் ஒரு சொட்டுக்கூட விடாமல் நின்றது.

"எங்கயாவது உடைக்க முடியுமா?" என்று வேதாசலம் கேட்டார். குரல் இப்போது அவருடையதாக இல்லை.

"எதை வச்சு சார்? வெடி வைக்கலாம்னாலும் பக்கத்துல போக வழியில்ல."

அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெற்கே ஒரு சத்தம் கேட்டது. இடி போல இல்லை, பெரிய மரம் வேரோடு சாய்வது போல நீண்ட சத்தம். செத்த கண்டம் பஷீர் குடைந்த ஓட்டையிலிருந்து இரண்டாகப் பிளந்து, கடல் பக்கமாகச் சாய்ந்தது. ஊரில் தேங்கிய தண்ணீர் முழுவதும் அந்த இடைவெளியை நோக்கித் திரும்பியது. தெற்குக் குப்பத்தின் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி, கூரையும் கட்டிலும் வலையுமாக அதன் வழியே கடலுக்குப் போயின. மேட்டுப்பள்ளிக்கூடத்தின் கைப்பிடிச் சுவரோரம் குப்பத்துக்காரர்கள் வரிசையாக நின்று அதைப் பார்த்தார்கள். பிரகாசி மட்டும் தன் மூன்று பிள்ளைகளையும் எண்ணினாள். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினாள்.

சாயங்காலத்துக்குள் வடக்கு நகரில் தண்ணீர் வடிந்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் மாடிகளிலிருந்து இறங்கி வந்தார்கள். வனஜாவும் அவளுடைய அப்பாவும் இறங்கி வரவில்லை. அவரைத் தூக்க முயன்று, பாதிப் படிக்கட்டில் அவரை விடாமல் பிடித்தபடி இருந்தாள்.

அந்த இரண்டு பேரின் இறுதிச் சடங்குக்குத் தமயந்தி போனாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. வந்து முன்னாடியே சொன்ன ஒரே ஆள் அவள்தான் என்று பேசிக்கொண்டார்கள். அதை அவளால் தாங்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் லூர்துவைப் பார்த்தாள். அருளப்பன் காலில் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"வடக்கு நகர்க்காரங்க வந்து அரிசி பருப்பெல்லாம் இறக்கிட்டுப் போனாங்க," என்றாள் லூர்து. "உங்க வீடெல்லாம் போய் எங்க உயிரைக் காப்பாத்திச்சுன்னு ஒரு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நாங்க சர்க்கரை போட்டது இவருக்காக. அவங்களுக்காக எங்க வீட்டைக் கொடுக்கிறீங்களான்னு எங்களை யாரும் கேக்கலையே."

"கேட்டிருந்தா?"

லூர்து யோசித்தாள். "தெரியல மேடம். கேட்டிருந்தாத்தானே தெரியும்."

சில மாதங்கள் கழித்து வேதாசலம் தமயந்தியைக் கூப்பிட்டார். பதவி உயர்ந்திருந்தது. அறை மாறியிருந்தது. மேஜை மேல் ஒரு பெரிய வரைபடம் விரித்திருந்தது. கடற்கரையின் அடுத்த ஊர், அடுத்த சுவர்.

"பரவைத்துறையிலேருந்து கத்துக்கிட்ட பாடம்னு எல்லாரும் பாராட்டுறாங்க," என்றார். பேச்சில் பெருமை இல்லை, களைப்புதான் இருந்தது. "இனிமே ஒவ்வொரு சுவர்லயும் ஒரு கண்டம் ஆறாத கல்லுல கட்டணும். வெள்ளம் வந்தா அது முதல்ல போகும், ஊர் தப்பிக்கும். சுரண்ட ஆளும் போடறோம், நீங்க கேட்ட மாதிரியே. அருளப்பன் பேரை முதல்ல எழுதியிருக்கேன். நீங்க பார்த்து ஒப்புதல் கொடுத்தா வேலையை ஆரம்பிச்சுடலாம்."

சுவர் நீல நிறத்தில் நீண்டு ஓடியது. ஒரே ஒரு இடத்தில் சிவப்பாக ஒரு துண்டு.

கணக்கு சரியாக இருந்தது. ஊரின் தாழ்வான இடம் அதுதான். தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். வேறு யார் வரைந்திருந்தாலும் அங்கேதான் வரைந்திருப்பார்கள். அவளும்தான்.

"இதுக்குப் பின்னால என்ன இருக்கு சார்?"

வேதாசலம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு சின்னக் குப்பம்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"சுவர் வருதுன்னு தெரியும். சந்தோஷமா இருக்காங்க."

தமயந்தி வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். அவர் எங்கே என்று கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவளும் லூர்துவும் அந்தக் குப்பத்தில் பேருந்தை விட்டு இறங்கினார்கள். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தமயந்தியை யாரோ அடையாளம் கண்டுகொண்டார்கள். சுவர் கட்டுகிற மேடம் வந்திருக்காங்க என்று செய்தி ஓடியது. ஒருத்தி வீட்டுக்குள்ளிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். இன்னொருத்தி சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ கொண்டுவந்தாள். எல்லாரும் நல்ல செய்தி கேட்கும் முகத்தோடு சுற்றி உட்கார்ந்தார்கள்.

தமயந்தி வரைபடத்தை மணலில் விரித்தாள். காற்றில் பறக்காமல் இருக்க லூர்து ஒரு முனையில் கையை வைத்துக்கொண்டாள்.

"இந்தச் சிவப்பு எங்க இடம்தானே?" என்று ஒருவர் குனிந்து பார்த்துக் கேட்டார்.

"ஆமா," என்றாள் தமயந்தி. "அதுல கட்டலாமா வேண்டாமான்னு உங்களைக் கேக்கத்தான் வந்திருக்கேன். அது எதுக்குன்னு முதல்ல முழுசாச் சொல்லிடறேன். கேட்டுட்டு, என்னை அடிச்சுத் துரத்தினாலும் சரி."